ஆண்களுக்கான மரபணுப் பரிசோதனை: எங்கே தொடங்குவது, யாரைச் சோதிப்பது, அறிக்கையை எப்படிப் படிப்பது

அத்தைக்கு 40 வயதில் மார்பகப் புற்றுநோய், பாட்டிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தாலும் "அது பெண்கள் சமாச்சாரம்" என்று வீட்டு ஆண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் உள்ள பிறழ்வு (நோய் தரும் மாற்றம்) ஆண், பெண் பார்த்து இறங்குவதில்லை. அப்பாவிடம் இருந்தாலும் அம்மாவிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. பிஆர்சிஏ2 பிறழ்வு உள்ள ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். வந்தால் இளம் வயதிலேயே, வேகமாகப் பரவும் வகையாக வருவதும் அதிகம். மார்பகப் புற்றுநோயும் வரும்: 80 வயதுக்குள் 100 பேரில் சுமார் 7 பேருக்கு. பொதுவாக ஆண்களில் இது 1000 பேரில் ஒருவருக்கு வருவது.

இதையெல்லாம் படித்ததும் வீட்டிலேயே மாதிரி எடுக்கும் ஒரு கிட்டை வரவழைத்து எச்சிலைத் துப்பி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. தப்பான ஆளிடம் தப்பான பரிசோதனையைச் செய்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருப்பதைவிட, பரிசோதனையே செய்யாமல் இருப்பது மேல்.

முதலில் ஒரு வெள்ளைத்தாள்

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு, நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. உங்கள் சதுரத்துக்கு ஓர் அம்புக்குறி. சொந்தத்துக்குள் திருமணம் செய்தவர்களை இரட்டைக் கோட்டால் இணையுங்கள். ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளிப்படும் நோய்களைக் கணிக்க மருத்துவருக்கு அது தேவை.

ஒவ்வொருவர் பக்கத்திலும் மூன்று விவரம் வேண்டும்: என்ன நோய், எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், உயிரோடு இல்லையென்றால் எந்த வயதில் எதனால். இதில் பெரும்பாலோர் சறுக்குவது இரண்டாவதில். இறந்த வயது நினைவிருக்கும், நோய் கண்ட வயது நினைவிருக்காது. 72 வயதில் இறந்த பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 54 வயதில் வந்திருந்தால் கதையே வேறு. அதேபோல "வயிற்றில் புற்றுநோய்" என்று வீட்டில் சொல்வது இரைப்பையாக இருக்கலாம், பெருங்குடலாக, கணையமாக, சினைப்பையாகக்கூட இருக்கலாம். நான்குக்கும் நான்கு வெவ்வேறு மரபணுப் பட்டியல். பழைய பயாப்ஸி அறிக்கையோ டிஸ்சார்ஜ் தாளோ கிடைத்தால் பத்துப் பேர் வாய்வழியாகச் சொல்வதைவிட அந்த ஒரு தாள் பெரிது.

அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் சம அக்கறையோடு எழுதுங்கள். கூடவே 40 வயதுக்குள் திடீரென இறந்தவர்கள், நீச்சல் தெரிந்திருந்தும் நீரில் மூழ்கியவர்கள், காரணம் புரியாத வாகன விபத்தில் தனியாகப் போனவர்கள் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். இதயத் துடிப்புக் கோளாறு இப்படித்தான் "விபத்து" என்ற பெயரில் குடும்பக் கதைக்குள் ஒளிந்திருக்கும்.

வரைபடத்தில் எதைக் கண்டால் எந்தப் பக்கம் திரும்புவது

புற்றுநோய் பக்கம்: ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், யாருக்காவது சினைப்பை அல்லது கணையப் புற்றுநோய், 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், மற்ற உறுப்புகளுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய். நெருங்கிய உறவில் இவற்றில் ஒன்று இருந்தாலே மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போதுமான காரணம். பரவிய நிலையில் உள்ள புராஸ்டேட் புற்றுநோயாளிகளைச் சோதித்த 2016 ஆய்வு ஒன்றில், கிட்டத்தட்ட 12 சதவீதத்தினரிடம் டிஎன்ஏ-வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிப் பிறழ்வு இருந்தது. பிஆர்சிஏ2, ஏடிஎம், செக்2 ஆகியவை அதில் முக்கியமானவை. ஹாக்ஸ்பி13 என்று இன்னொன்று உண்டு. அதில் வரும் ஜி84ஈ என்ற மாற்றம் குறிப்பாகப் புராஸ்டேட்டைத்தான் குறிவைக்கிறது.

பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்கள் குடும்பத்தில் கூட்டமாகத் தெரிந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறைச் சந்தேகிக்கவேண்டும். நினைவில் வைக்க 3-2-1 என்ற பழைய கணக்கு உண்டு: மூன்று உறவினர், இரண்டு தலைமுறை, அதில் ஒருவருக்காவது 50 வயதுக்குள். கணக்கு பொருந்தாத குடும்பங்களிலும் லிஞ்ச் இருக்கும் என்பதால், இது உள்ளே நுழைய ஒரு வாசல்தான். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டி பாதுகாப்பில் இருந்தால், அதில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லலாம். எந்தப் புரதம் இல்லையோ அதை வைத்து, எந்த மரபணுவைத் தேடவேண்டும் என்று கட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

இதயம் பக்கம் ஆண்கள் அதிகம் கோட்டைவிடுவது பரம்பரைக் கொலஸ்ட்ரால். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சிகிச்சை எடுக்காத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்துவிடும். மருந்து தொடங்கும் முன்பு எடுத்த எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அளவு 190 அல்லது அதற்கு மேல் இருந்ததா, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். "மருந்து தொடங்கும் முன்பு" என்பது முக்கியம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எடுத்த 120 என்ற எண்ணைக் காட்டினால், பார்ப்பவருக்கு அது சாதாரணமாகத்தான் தெரியும். இதயத் தசை தடிக்கும் நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு. அதற்கு முதலில் ஈசிஜியும் எக்கோவும், பிறகுதான் மரபணு.

எக்ஸ் குரோமோசோமில் வரும் நோய்களுக்கு வரைபடத்தை வேறு மாதிரிப் படிக்கவேண்டும். ஹீமோஃபிலியா, டூஷேன் தசைச் சிதைவு, ஜி6பிடி குறைபாடு எல்லாம் இந்த வகை. ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ், அது அம்மா கொடுத்தது. ஆகவே தாய்மாமன், பெரியம்மா சித்தி மகன்கள், அம்மாவைப் பெற்ற தாத்தா ஆகியோரைப் பாருங்கள். அப்பா பக்கத்தை விட்டுவிடலாம். நோய் உள்ள ஆண் தன் எக்ஸைத் தன் மகள்கள் எல்லாருக்கும் கொடுப்பார், மகன்களில் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். மகளின் மகனுக்கு, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் என்று தெரிந்திருக்கிறது, 50 வயதைத் தாண்டிய தாத்தாவுக்குக் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் இருக்கிறது என்றால், இரண்டும் ஒரே எஃப்எம்ஆர்1 மரபணுவின் வேலையாக இருக்கலாம். தாத்தாவின் நடுக்கத்தைப் பார்க்கிசன்ஸ் என்று முடிவுகட்டிவிட்டு அந்த வழியை யாரும் தேடாமல் போவது உண்டு.

குழந்தையின்மைக்காக வருபவர்களுக்குப் புற்றுநோய் பேனலால் (பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் சோதனை) பயனில்லை. விந்தணு இல்லை, அல்லது மில்லி லிட்டருக்கு 50 லட்சத்துக்கும் கீழே என்றால் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனை. சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் இதில்தான் தெரியும். கூடவே ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் பகுதிகள் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'ஏ' அல்லது 'பி' பகுதி முழுதாக இல்லையென்றால் விரையிலிருந்து விந்தணு எடுக்க அறுவை செய்வது வீண். 'சி' மட்டும் இல்லையென்றால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு சிஎஃப்டிஆர் மரபணுவைப் பார்ப்பார்கள். கணவன், மனைவி இருவரிடமும் அதில் பிறழ்வு இருந்தால் பிள்ளைக்கு நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரலாம் என்பதால், மனைவியையும் சோதிக்காமல் ஐவிஎஃப்-க்குப் போகக்கூடாது.

இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோய் ஆண்களிடம்தான் முன்கூட்டியே வெளிப்படுகிறது. பெண்களுக்கு மாதவிடாயில் இரும்பு வெளியேறிவிடுகிறது. இங்கே மரபணுவுக்கு முன் மலிவான ரத்தப் பரிசோதனை போதும்: டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) செறிவு 45 சதவீதத்துக்கு மேல், ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) 300-க்கு மேல் என்றால் எச்எஃப்இ மரபணுவைப் பார்க்கலாம்.

மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோயைத் தனியாகச் சொல்லவேண்டும். குணப்படுத்த வழியில்லாத நோய் என்பதால், அறிகுறி இல்லாதவர் சோதிக்கவேண்டுமானால் முன்பும் பின்பும் ஆலோசனை அமர்வுகள் கட்டாயம் என்பதே நடைமுறை. சிஏஜி என்ற எழுத்துத் தொடர் 40 அல்லது அதற்கு மேல் திரும்பத்திரும்ப வந்தால் நோய் உறுதி, 36 முதல் 39 வரை வரலாம் வராமலும் போகலாம். 27 முதல் 35 வரை உள்ளவருக்கு நோய் வராது. ஆனால் விந்தணு உருவாகும்போது இந்தத் தொடர் நீளக்கூடும் என்பதால், அப்பாவுக்கு வராத நோய் பிள்ளைக்கு வரச் சிறிய வாய்ப்பு இருக்கிறது.

யாரை முதலில் சோதிப்பது

நோய் வந்தவரை. அவர் உயிரோடு இருந்து சம்மதித்தால், முதலில் அவர் ரத்தம்தான் போகவேண்டும்.

காரணம் இது. உங்கள் அத்தைக்கு 40 வயதில் மார்பகப் புற்றுநோய். அவரைச் சோதிக்காமல் நீங்கள் சோதித்து, முடிவு 'இல்லை' என்று வருகிறது. இதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். குடும்பத்தில் பிறழ்வு இருக்கிறது, உங்களுக்கு வரவில்லை. அல்லது குடும்பத்தில் இருப்பது அந்தப் பேனலில் இல்லாத மரபணுவில். அல்லது அத்தையின் நோய் பரம்பரையே அல்ல. மூன்றில் எது என்று சொல்ல ஒருவராலும் முடியாது. அத்தையிடம் பிறழ்வு இன்னதுதான் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், உங்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு குறைவு. அதில் 'இல்லை' என்று வந்தால் அது உண்மையான 'இல்லை'.

அத்தை இறந்துவிட்டால் மருத்துவமனையில் வைத்திருக்கும் கட்டித் துண்டு உதவலாம். ஆனால் ஃபார்மலினில் ஊறிய திசுவில் டிஎன்ஏ நொறுங்கியிருக்கும். கட்டியில் உள்ள பிறழ்வு பிறவியில் வந்ததா, புற்றுநோயில் புதிதாக உண்டானதா என்ற குழப்பமும் உண்டு. இளம் வயதில் திடீர் மரணம் நடந்த வீடுகளில் பிரேதப் பரிசோதனையின்போதே ஈடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் காக்கும் குழாய்) கொஞ்சம் ரத்தமோ உறைய வைத்த மண்ணீரல் துண்டோ எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் துயரத்தில் யாருக்கும் தோன்றாது; பிறகு திரும்பக் கிடைக்காது.

18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, பெரியவனான பிறகு வரும் நோய்களுக்குச் சோதிப்பதில்லை. சின்ன வயதிலேயே செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் மட்டும் விதிவிலக்கு. பரம்பரைக் கொலஸ்ட்ரால், இதயத் துடிப்புக் கோளாறுகள், குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வளரும் எஃப்ஏபி போன்றவை அப்படி.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்று: ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் நாட்டுச் சட்டம் மரபணு முடிவைக் கேட்கக் காப்பீட்டாளருக்கு அனுமதி தருகிறதா என்று விசாரித்துவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. முடிவு வந்த பிறகு விசாரித்துப் பயனில்லை.

எந்தப் பரிசோதனை எதைப் பார்க்காது

குடும்பப் பிறழ்வு தெரிந்தால் ஒற்றை இடச் சோதனை. தெரியாவிட்டால் நோய்க்கேற்ற பேனல். எக்சோம் (எல்லா மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளையும் வாசிப்பது), முழு ஜீனோம் (டிஎன்ஏ முழுவதையும் வாசிப்பது) எல்லாம் பேனலில் விடை கிடைக்காத சிக்கலான நோயாளிகளுக்கு. "அதிக மரபணு பார்த்தால் நல்லதுதானே" என்று 80 மரபணுப் பேனலைக் கேட்பவர்களுக்குப் பொருள் புரியாத முடிவுகள்தான் அதிகம் கிடைக்கும்.

வழக்கமான பேனல் எழுத்துப் பிழைகளை நன்றாகப் பிடிக்கும். ஒரு பக்கமே கிழிந்திருப்பதையும் பக்கம் தலைகீழாக ஒட்டியிருப்பதையும் எளிதில் தவறவிடும். கடுமையான ஹீமோஃபிலியா ஏ-வில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் இருப்பது எஃப்8 மரபணுவின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கும் கோளாறு. அதற்குத் தனிச் சோதனை கேட்கவேண்டும். ஃப்ரஜைல் எக்ஸ், ஹன்டிங்டன் ஆகியவற்றின் நீண்ட தொடர்களுக்கும் அப்படியே. பிஎம்எஸ்2-வுக்கு அதைப் போலவே இருக்கும் போலி மரபணு ஒன்று உண்டு. இரண்டையும் பிரித்தறியும் வசதி இல்லாத ஆய்வகத்தின் முடிவை நம்பமுடியாது. பேனல் வாங்கும்போது "பெரிய நீக்கங்களையும் இரட்டிப்புகளையும் பார்க்கிறீர்களா, எம்எல்பிஏ (இவற்றைக் கண்டுபிடிக்கும் தனிச் சோதனை) செய்து உறுதிசெய்வீர்களா" என்று நேரடியாகக் கேளுங்கள்.

வம்சாவளி சொல்லும் வீட்டு கிட்கள் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை, முன்பே தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கின்றன. பிஆர்சிஏ மரபணுக்களில் நோய் தரும் பிறழ்வுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படும் மூன்றை மட்டும் பார்த்துவிட்டு "கண்டறியப்படவில்லை" என்று சொன்ன கிட் கூட இருந்தது. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. இந்த கிட்களின் மூலத் தரவில் தெரிந்த பிறழ்வுகளை மருத்துவ ஆய்வகத்தில் மறுசோதனை செய்த 2018 ஆய்வு ஒன்றில் 40 சதவீதம் பொய்யாகப் போயின. வீட்டு கிட் முடிவை வைத்து ஒரு மாத்திரையைக்கூட மாற்றாதீர்கள்.

மாதிரி கொடுக்கும் நாள்

வெறும் வயிறு தேவையில்லை. எச்சில் என்றால் 30 நிமிடத்துக்கு முன்பிலிருந்து சாப்பாடு, தண்ணீர், சிகரெட், சூயிங் கம் எதுவும் கூடாது. குழாயில் கோடு போட்டிருக்கும், பெரும்பாலும் 2 மில்லி லிட்டர். நுரை கணக்கில் வராது. நுரை அடங்கிய பிறகு திரவம் கோட்டைத் தொடவேண்டும். வாய் வறண்டால் நாக்கால் கன்னத்தின் உட்பக்கத்தை உரசிக் கொடுத்தால் ஊறும்; செல்களும் கூடுதலாக உதிரும். பிறகு மூடியை நன்றாகத் திருகுங்கள். அதற்குள் இருக்கும் பாதுகாப்புத் திரவம் எச்சிலோடு கலக்கவேண்டும். அது இறங்காமல் அனுப்பிய குழாய்களில் வழியிலேயே பாக்டீரியா பெருகி, "மாதிரி தேறவில்லை" என்று திரும்ப வரும்.

ரத்தம் என்றால் 3 முதல் 5 மில்லி, கத்தரிப்பூ நிற மூடி போட்ட ஈடிடிஏ குழாயில். எடுத்தவுடன் எட்டு பத்து முறை மெதுவாகப் புரட்டவேண்டும், குலுக்கக்கூடாது. பச்சை மூடி ஹெபரின் குழாய் இங்கே ஆகாது, டிஎன்ஏ-வைப் பெருக்கும் வேலையை ஹெபரின் தடுக்கிறது. ஆனால் கேரியோடைப்புக்கு நேர் எதிர்: உயிருள்ள செல் வேண்டும் என்பதால் அந்த ஹெபரின் குழாய்தான், அதையும் உறைய வைக்காமல் சீக்கிரம் சேர்க்கவேண்டும். இரண்டு சோதனைக்கும் ஒரே நாளில் ரத்தம் கொடுப்பவர்கள் இரண்டு குழாய் எடுக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர் ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் கொடையாளியின் டிஎன்ஏ-தான் போகும். ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கும் ரத்தம் நம்பகமில்லை. இவர்களுக்குத் தோலில் சிறு துண்டு எடுத்து வளர்த்துச் சோதிப்பார்கள், சில வாரம் கூடுதலாக ஆகும்.

அறிக்கையில் எந்த வரியைப் பார்ப்பது

முடிவு ஐந்து வகையில் ஒன்றாக வரும்: நோய் தருவது, பெரும்பாலும் நோய் தருவது, பொருள் தெளிவாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டையும் மருத்துவர்கள் ஒன்றாகவே நடத்துவார்கள். இரண்டாவதற்கு 90 சதவீதத்துக்கு மேல் உறுதி வேண்டும் என்பது 2015இல் வந்த விதி.

சிக்கல் நடுவில் இருப்பது. வியுஎஸ் என்று ஆய்வகத்தார் சொல்லும் இந்த வகையைக் கண்டு பயந்து அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. வியுஎஸ்-ஐ வைத்து எந்தச் சிகிச்சையும் முடிவு செய்யக்கூடாது, உறவினர்களைச் சோதிக்கவும் கூடாது. பின்னாளில் மறுவகைப்படுத்தும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே ஆகின்றன. கண்காணிப்பைக் குடும்ப வரலாறு சொல்லும் அளவுக்கே வையுங்கள்.

அடுத்து, கருவி அந்த இடத்தைப் பலமுறை வாசித்ததில், பிறழ்வு எத்தனை சதவீத வாசிப்புகளில் தெரிந்தது என்ற எண். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்ததானால் 50-ஐ ஒட்டி இருக்கும். வயதான ஆணின் ரத்தத்தில், புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் பிறழ்வு 15 சதவீதம் என்று வந்தால் அது பரம்பரை அல்லாமல், வயதாகும்போது ரத்த செல்களில் மட்டும் உண்டானதாக இருக்கலாம். தோல் மாதிரியில் உறுதிசெய்யாமல் பிள்ளைகளிடம் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம்.

பிறழ்வு உறுதியானால்

பிஆர்சிஏ2 உள்ள ஆணுக்கு 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனை, 35 வயதிலிருந்து மாதாமாதம் மார்பைத் தானே தடவிப் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் கையால் பரிசோதனை. காம்புக்குப் பின்னால் வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், கசிவு இவற்றைத் தேடுங்கள். பிஎஸ்ஏ எடுக்கும் 48 மணி நேரத்துக்கு முன்பிலிருந்து விந்து வெளியேற்றமும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம், அளவு பொய்யாக ஏறும். முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டரைட் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அந்த மாத்திரை பிஎஸ்ஏ-வைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். 1 மில்லிகிராம் அளவும் இதைச் செய்யும். 1.8 என்று வந்தது உண்மையில் 3.6 ஆக இருக்கலாம்.

லிஞ்ச்: எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் 20–25 வயதிலிருந்து ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி. மற்ற இரண்டு மரபணுக்களுக்குச் சில ஆண்டு தள்ளித் தொடங்கலாம். பரம்பரைக் கொலஸ்ட்ராலுக்கு மருந்தை அன்றே தொடங்கி, பிள்ளைகளின் கொலஸ்ட்ராலையும் பார்ப்பது. இரும்புக்கு ரத்தம் எடுத்துவிடுவதே வைத்தியம். 500 மில்லி ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறும்.

உறவினர்களுக்குச் சொல்வதைத் தொலைபேசிப் பேச்சோடு விடாதீர்கள். உடன்பிறந்தவர்கள், பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள், பிறழ்வு வந்த பக்கத்து அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி எல்லாருக்கும் எழுத்தில் கொடுங்கள். மரபணுவின் பெயர், பிறழ்வின் முழுக் குறியீடு, டிரான்ஸ்கிரிப்ட் எண் (குறியீடு மரபணுவின் எந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்டது என்று காட்டும் எண்), ஆய்வகத்தின் பெயர், அறிக்கையின் நகல் ஆகியவை அதில் இருக்கவேண்டும். "நமக்குப் பிஆர்சிஏ இருக்காம்" என்ற தகவலோடு வருபவருக்கு ஆய்வகம் முழுப் பேனலையும் மறுபடி செய்யவேண்டியிருக்கும். குறியீடு கையில் இருந்தால் ஒரே இடம். வியுஎஸ் வந்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கோ ஆலோசகருக்கோ எழுதி வகை மாறியதா என்று கேளுங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறினால் அவர்களிடம் புதுப்பித்துவிடுங்கள், திருத்திய அறிக்கை பழைய முகவரிக்குப் போய்ப் பயனில்லை.